குலைநோய் தாங்கும் ரகத்தில் குலைநோய்: விதை போலியா?

கேள்வி: ஐயா, குலைநோய் தாங்கும் என்று சொல்லித் தந்த நெல் ரகம். இரண்டு சம்பாவில் நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மார்கழியில் இலையெல்லாம் கண் மாதிரிப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். கடைக்காரர் போலி விதையைத் தலையில் கட்டிவிட்டாரா? – பாபநாசம் பகுதி விவசாயி

பதில்: சண்டைக்குக் கிளம்பும் முன் வயலில் இறங்கி ஒரு சுற்றுப் பாருங்கள். பயிர் ஒரே உயரமாக, ஒரே சமயத்தில் கதிர் விடுகிறதா? அப்படியென்றால் விதையில் கலப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. பையில் இருந்த நீல அட்டையையும் (சான்று பெற்ற விதை என்பதற்கான அட்டை) தேடி எடுத்து வையுங்கள். எனக்கென்னவோ சந்தேகம் குலைநோயைக் கொண்டுவரும் பூசணத்தின் மேல்தான்.

நோய் தாங்கும் ரகம் என்றால், அதன் செல்லுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான் என்று வையுங்கள். குலைநோய்ப் பூசணம் உள்ளே விடும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அவன் அடையாளம் வைத்திருக்கிறான். அது தென்பட்டதும் அந்த இடத்துச் செல்களைச் சாகடித்து, பூசணத்தைப் பரவவிடாமல் அடைத்துவிடுகிறான். அந்த அடையாளமே இல்லாமல் வந்தால் யாரைப் பிடிப்பான்?

பூசணத்தின் மரபணுத் தொகுப்பில் தாவும் துண்டுகள் உண்டு. தன்னைத்தானே நகல் எடுத்தோ, இருந்த இடத்திலிருந்து கழன்றோ வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் இதை முதலில் கண்ட பார்பரா மெக்கிளின்டாக்கை வெகுநாள் பலர் நம்பவில்லை. 1983இல்தான் நோபல் பரிசு வந்தது. குலைநோய்ப் பூசணத்தின் தொகுப்பை 2005இல் படித்து வெளியிட்டபோது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளாகவே இருந்தது.

அமெரிக்காவின் அர்கன்சாஸில் 2004இல் நடந்தது இதுதான். பை-டா என்ற காவல் மரபணு உள்ள 'பேங்க்ஸ்' நெல்லில் குலைநோய் விழுந்தது. அங்கே எடுத்த பூசணத்தில், பை-டா அடையாளம் காணும் புரதத்தைச் செய்யும் மரபணுவுக்கு நடுவிலேயே 'பாட்-3' என்ற தாவும் துண்டு புகுந்து உட்கார்ந்திருந்தது. மரபணு உடைந்தது, அடையாளம் போயிற்று. உங்கள் வயலில் நடந்தது இதுவேதானா என்று பரிசோதனைக் கூடம்தான் சொல்ல முடியும். பூசணம் மாறுவதற்கு வேறு வழிகளும் உண்டு.

இலையில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் பூசண வித்துகள் கிளம்பும். அதில் ஒன்று இப்படி மாறினாலும், சுற்றுவட்டாரம் முழுக்க அதே ரகம் நின்றால் அதற்குத் தடையே இல்லை. உங்கள் பக்கத்து வயல்களிலும் அதே ரகம்தானே?

இப்போதைக்கு யூரியாவை நிறுத்துங்கள்; அது கூடினால் நோய்க்குத்தான் வசதி. பயிர் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. டிரைசைக்ளசோல் 75 என்ற பூசணக்கொல்லித் தூளை 10 லிட்டர் டேங்குக்கு 6 கிராம் கலந்து, பனி காய்ந்ததும் தெளியுங்கள். கதிர் வெளியே தலைகாட்டும் சமயத்தில் அவசியம் மறுபடி பாருங்கள். இலையில் விழுவதைவிடக் கதிரின் கழுத்தில் விழுந்தால்தான் மணி பதராகி நட்டம் பெரிது. மறுபடி தெளிக்க வேண்டி வந்தால் அதே மருந்தை எடுக்காமல், வேளாண் அலுவலரிடம் கேட்டு வேறு வகை வாங்குங்கள்.

நோய் விழுந்த வயலில் விதைக்கு நெல் எடுக்காதீர்கள். அடுத்த சம்பாவுக்கு ரகத்தை மாற்றுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் பேசி, அவர் வேறொன்று போட்டால் இன்னும் நல்லது.