கோயில் வாசலில் துப்பாக்கிப் படம் ஒட்டினால் போதுமா?

கேள்வி: டெக்சஸில் ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் ஊர்க் கோயிலின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். போன மாதம் சன்னிதியில் விழுந்து கும்பிட்ட ஒருவரின் சட்டை மேலே ஏறி, இடுப்பில் செருகியிருந்த கைத்துப்பாக்கி எல்லார் கண்ணிலும் பட்டது. கேட்டதற்கு, "லைசென்ஸ் இருக்கே" என்றார். வாசல் கண்ணாடியில் துப்பாக்கி மேல் குறுக்குக்கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். அவர் செய்தது தப்பில்லையா?

பதில்: உங்கள் கோயில் இப்போது இருக்கிற நிலையில் அவர் மேல் சட்டப்படி குற்றம் சொல்வது கடினம். அந்த ஸ்டிக்கர் லைசென்ஸ் உள்ளவரைக் கட்டுப்படுத்தாது.

பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி போன்றவை சட்டமே பெயர் சொல்லித் தடுத்த இடங்கள். அங்கே பலகை இல்லாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். கோயிலும் சர்ச்சும் மசூதியும் அப்படி இல்லை. ஒரு காலத்தில் வழிபாட்டுத் தலமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்போதும் முறையான அறிவிப்பு வைத்தால்தான் தடை செல்லும் என்று ஒரு வாலும் ஒட்டியிருந்ததால் ஒரே குழப்பம். 2017 நவம்பரில் டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் ஊர்ச் சர்ச்சில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுப் பலரைக் கொன்றான். அதையடுத்து 2019-இல் சட்டமன்றம் வழிபாட்டுத் தலத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆக, இடத்துக்கு உரியவர் வேண்டாம் என்று முறைப்படி சொல்லாதவரை கொண்டுவரலாம். போதாக்குறைக்கு, 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பி, சட்டத்தால் தடுக்கப்படாத யாருக்கும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸே வேண்டாம்.

சரி, முறைப்படி சொல்வது எப்படி? டெக்சஸ் குற்றவியல் சட்டத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுப்பது 30.06. அவரே வெளியே தெரியும்படி எடுத்து வருவதைத் தடுப்பது 30.07. லைசென்ஸ் இல்லாதவருக்கு 30.05. மூன்றுக்கும் தனித்தனி வாசகம். முதல் இரண்டிலும் சட்டத்தில் அச்சாகியிருக்கும் வாக்கியத்தை ஓர் எழுத்து மாற்றாமல் போட வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும், எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறையக்கூடாது, பின்னணியோடு ஒட்டாத நிறமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நுழைவாயிலிலும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். ஒரு கோயிலில் இதை ஏ4 தாளில் சின்ன எழுத்தில் அடித்து, லாமினேட் செய்து, நோட்டீஸ் போர்டில் அன்னதான அறிவிப்புக்குப் பக்கத்தில் குத்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். செல்லாது. ஒரு அங்குல எழுத்தில் இரண்டு மொழியிலும் போட்டால் அது ஏ4-இல் அடங்கவே அடங்காது. பலகை செய்யும் கடையில் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். தமிழிலும் எழுதலாம், நம் ஆட்கள் படிப்பார்கள். சட்டம் அதைக் கணக்கில் எடுக்காது.

மடப்பள்ளிப் பக்கத்துக் கதவை மறந்துவிடாதீர்கள். பாதிப் பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

பலகை தயாராகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வாயால் சொன்னாலும் அறிவிப்புதான். ஆனால் நிர்வாகத்தின் சார்பில் பேச அதிகாரம் உள்ளவர் சொல்ல வேண்டும். பலகையை மீறி வந்தால் அதிகபட்சம் 200 டாலர் அபராதம். நேரில் சொல்லியும் வெளியேற மறுத்தால் அது கிளாஸ் ஏ குற்றம், ஒரு வருடம் வரை சிறை. எனவே பணிவாக ஒரே ஒரு முறை சொல்லுங்கள்; மறுத்தால் போலீசைக் கூப்பிடுங்கள். இடுப்பில் கை வைத்துப் பிடுங்கும் வீரமெல்லாம் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஊர்த் தமிழ் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது என்றால், அந்தக் கட்டடத்துக்குள் பெற்றோர் லைசென்ஸோடும் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. அது ஃபெலனி எனப்படும் கடும் குற்றம்: 2 முதல் 10 ஆண்டு சிறை. கோயில் பழக்கத்திலேயே அங்கேயும் போய்விடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்.

குழுவில் யாராவது, "2019 டிசம்பரில் டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட் ஊர்ச் சர்ச்சில் துப்பாக்கி வைத்திருந்த தொண்டர்தானே சில நொடிகளில் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார்?" என்று கேட்பார். உண்மைதான். அவர் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர், சர்ச்சின் பாதுகாப்புக் குழுவை நடத்தியவர். அதற்குள்ளேயே இரண்டு பேர் இறந்தும் போனார்கள். பிரகாரத்தில் குழந்தைகள் ஓடும் இடத்தில் பயிற்சி இல்லாத பத்து இடுப்புகளில் பத்து துப்பாக்கி இருப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். பண்டிகை நாளில் பணிநேரம் முடிந்த போலீஸ்காரர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்துங்கள். தொண்டர்களே பாதுகாப்பு பார்ப்பதானால் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் 'செக்யூரிட்டி' என்று எழுதிய சட்டையோ பேட்ஜோ கூடாது. நம்மவர்கள் முதலில் அச்சடிப்பது அந்தச் சட்டையைத்தான்.

கடைசியாக, இதுதான் எனக்கு உண்மையில் கவலை. பலகை மாட்டியதும் யாராவது வாசலில் துப்பாக்கியைக் கழற்றி, செருப்பு ஸ்டாண்டில் நிற்கும் பையனிடம், "தம்பி, கொஞ்சம் வச்சிருப்பா, அர்ச்சனை முடிச்சிட்டு வந்துடறேன்" என்பார். அந்தத் தம்பி எச்1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்தால், கையில் வாங்கிய கணமே அவர் மேல் மத்தியச் சட்டம் பாயலாம். அந்த விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. 15 ஆண்டு வரை சிறை, விசாவும் போகும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் செருப்பு ஸ்டாண்டில் யார் எந்த விசா என்று பார்த்தா கொடுக்கிறார்கள்? கோயிலில் துப்பாக்கி வாங்கி வைக்கும் வேலையே கூடாது என்று தீர்மானம் போடுங்கள். வண்டியில் கண்ணில் படாமல் பூட்டிவிட்டு வரட்டும். பலகை வாசகத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்கும் முன் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். சட்டமன்றம் கூடும்போதெல்லாம் இதில் ஏதாவது மாற்றுகிறார்கள்.