முத்துவின் குருவியா?

அண்ணைக்கு வணக்கம்.
எங்கள் வளவின் பின்பக்கம், காடு தொடங்கும் இடத்தில், நாலு நாளாக ஒரு சின்னப் பழுப்புக் குருவி நிற்கிறது. ஈபிடிப்பான் என்று மட்டும் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். செயலியில் போட்டால் ஒன்றைப் பழுப்பு ஈபிடிப்பான் என்கிறது, மற்றதைப் பழுப்பு மார்பு ஈபிடிப்பான் என்கிறது. ஒரே குருவி, ஒரே கொப்பு. எதை நம்புவது?
நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

இரண்டையும் நம்பவேண்டாம். முதற்படம் காலமை எடுத்தது, குருவி சாம்பலாய்த் தெரிகிறது. மற்றது பின்னேரம், பாலை மரத்தின் கீழ். மார்பு தேத்தண்ணி நிறம். மாறியது வெளிச்சம். போதாததற்குக் கமராவும் தன்பாட்டில் நிறத்தைத் திருத்தும். இலைநிழலின் பச்சையைக் குறைக்கப்போய்ச் செம்மையைக் கூட்டிவிடும்.

நான் பார்ப்பது சொண்டும் காலும். பழுப்பு மார்புக்காரனுக்குக் கீழ்ச்சொண்டு நுனிவரை மஞ்சள், கால் வெளிறியது. மற்றவனுக்குக் கீழ்ச்சொண்டின் அடி மட்டும் வெளிறல், நுனி கறுப்பு, காலும் கறுப்பு. உங்கள் முதற்படத்தில் வயிற்று இறகு காலை மூடிவிட்டது. இரண்டாவதில் கால் கொப்புக்குப் பின்னால். சொண்டைப் பெருப்பித்துப் பார்த்தேன். பாதிவரை மஞ்சள், அதற்கப்பால் நாலைந்து சதுரப் புள்ளிகள். வாட்ஸ்அப் சுருக்கியதில் நுனி கரைந்துவிட்டது.

நானும் இதில் வழுக்கியவன்தான். முத்தையன்கட்டுக் குளக்கட்டடியில் எடுத்த ஒன்றைப் பழுப்பு மார்பு என்று பெருமையாகப் போட்டேன். சில மாதம் கழித்து, அழிக்க மறந்த மங்கல் படமொன்றில் அதே குருவி காலைத் தூக்கித் தலை சொறிகிறது. கால் கரிக்கறுப்பு! ஆகவே மங்கல் என்று எதையும் அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் சுருக்காமல், டொக்கியுமென்ற் ஆக அனுப்புங்கள்.

ஏன் அவசரப்பட்டேன் என்றால், பழுப்பு மார்புக்காரனின் அறிவியற்பெயரில் 'முத்துயி' என்று வரும். லேயார்ட் என்ற ஆங்கிலேயர் 1854இல் தன்னிடம் வேலைசெய்த முத்துவின் பெயரை அதற்கு வைத்தார். மாதிரி கிடைத்த இடம் பருத்தித்துறை. எங்கட ஆளின் பெயர் அல்லவா, பழுப்பாக எது தெரிந்தாலும் அதுவாக இருக்கட்டும் என்று மனம் கேட்கும். முத்துவுக்கு என்ன, குருவி கையில் இருந்தது, காலைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

அது எங்கே நிற்கிறது என்பதும் உதவும். பழுப்பு ஈபிடிப்பான் வெளியான கொப்பில் நிமிர்ந்திருக்கும், பாய்ந்து பூச்சி பிடிக்கும். மற்றது பெரும்பாலும் பற்றைக்குள், தாழ்வாக, ஒதுங்கியே திரியும். உங்களுடையது நாலு நாளும் வெளியிலேயே நிற்கிறது என்றால் என் மனம் பழுப்பு ஈபிடிப்பான் பக்கம் சாய்கிறது. ஆனால் பெயர் எழுத அது காணாது. இப்போதைக்கு 'ஈபிடிப்பான்' என்று மட்டும் குறித்து வையுங்கள்.

இரண்டுமே மாரியில் வந்து போகிறவை, ஏப்ரல் கழிந்தால் காணக் கிடைக்காது. நாளைக் காலமை சூரியன் முதுகுப்பக்கம் இருக்க நின்று, கால் தெரியும்வரை எடுங்கள். குருவி மிதிவெடிப் பலகை நட்ட பக்கம் போனால் மட்டும் பின்னால் போகவேண்டாம்.