கடன் விவரம் கேட்டால் ‘தர முடியாது’ என்கிறார்களா?

கிளிநொச்சி மாவட்ட வாசகர் ஒருவர் எழுதுகிறார்: “எங்கள் பகுதிக் குடிநீர்த் திட்டம் வெளிநாட்டுக் கடனில் நடக்கிறது. எவ்வளவு கடன், என்ன வட்டி, யார் திருப்பிக் கட்டுவது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். நாட்டின் பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, தர முடியாது என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தகவலை எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்க வேண்டாம். இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதற்குக் கட்டணமே இல்லை; பிரதிகளுக்கு மட்டும் சிறு தொகை அறவிடப்படலாம். கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் படிவத்தை நிரப்பித் தந்து பணம் வாங்குபவர்கள், “நாட்டின் கடன் எவ்வளவு, ஏன் வாங்கினீர்கள்” என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அதற்கு “இணையத்தளத்தைப் பார்க்கவும்” என்ற ஒற்றை வரிப் பதில் வந்தவுடன், மேன்முறையீட்டுக்கென்று மறுபடியும் பணம் கேட்கிறார்கள். தகவல் ஏன் வேண்டும் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே கூறும்போது, உங்களுக்காகப் பேச இன்னொருவர் எதற்கு?

விளக்கம் கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். கடன் உடன்படிக்கையின் பிரதி, இதுவரை பெறப்பட்ட தொகை, பெறாமல் மிஞ்சியிருக்கும் தொகை, அந்த மிஞ்சிய தொகைக்காகச் செலுத்திய கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியமானது. பல கடன்களில், எடுக்காமல் கிடக்கும் பணத்துக்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு என்பதால், வேலை இழுபட இழுபட மக்கள் ஒரு துளி தண்ணீரையும் காணாமலே அதைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அரசின் திறைசேரி அந்தக் கடனை, திருப்பிக் கட்ட வேண்டிய மறுகடனாக நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குக் கொடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். நாளை அது உங்கள் தண்ணீர்க் கட்டணத்தில் ஏறுமா, நாடு முழுவதும் செலுத்தும் வரியிலிருந்து போகுமா என்பது அந்தப் பதிலில்தான் தெரியும்.

இனி, உங்களிடம் சொன்ன சாக்குக்கு வருகிறேன். சட்டத்தின் 5ஆம் பிரிவில் பொருளாதாரத்தைக் காரணம் காட்டித் தகவலை மறுக்க இடமளிக்கும் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் நாணய மாற்று வீதம், வங்கிக் கடன் ஒழுங்கு, வரி போன்றவற்றில் அரசு எடுக்கவிருக்கும் முடிவை முன்கூட்டியே வெளிவிட்டால் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு நேரும் என்ற நிலைக்கே அது பொருந்தும். நாளை வரி கூடும் என்று இன்றே கசிந்தால் சிலர் பொருளைப் பதுக்குவார்கள். அதைத் தடுக்கவே அந்த விலக்கு. கையெழுத்தாகி, பணமும் வந்து, குழாயும் பதித்தாகிவிட்ட கடனில் முன்கூட்டியே வெளியிட என்ன மிச்சமிருக்கிறது? அப்படியே விலக்குப் பொருந்தினாலும், பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும் கடன் உடன்படிக்கைகளைத் தங்கள் இணையத்தளங்களில் வெளியிடுகின்றன. கொடுத்தவர் ஊரறியப் போட்டிருப்பதை வாங்கியவர் ஒளிப்பது என்ன நியாயம்? ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களின் விவரங்களை, வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்கு அறிவிக்கும் கடமை இதே சட்டத்தின்படி அமைச்சருக்கு இருக்க, குடிமகன் கேட்டு அலைய வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது வரிசையில் நின்றது மக்கள்தான். அந்தப் பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமானவர்கள் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்ததும் குடிமக்கள் தொடுத்த வழக்கில்தான்.

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். சபையின் தகவல் அலுவலருக்கும் நிதி அமைச்சின் தகவல் அலுவலருக்கும் தனித்தனி விண்ணப்பங்களைத் தமிழிலேயே எழுதி, பதில் எந்த மொழியில் வேண்டும் என்றும் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் எழுத்து மூலம் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை ஏற்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். காலக்கெடு தவறியது யார் என்பதை ஆணைக்குழுவின் முன் காட்ட அதுதான் உங்களிடம் இருக்கும் சான்று.