எனக்கு மலத்தில் ரத்தம் வருகிறது. மூச்சையோ சிறுநீரையோ சோதித்தே பெருங்குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமாமே, கொலனோஸ்கோபியைத் தவிர்க்கலாமா?

பெருங்குடலுக்குள் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் அந்தச் சோதனையை இப்போதைக்குத் தவிர்க்க முடியாது. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது பொய்யும் இல்லை. ஆவியாகும் சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியோடு வேலை செய்பவன் நான், அதனால் இந்த ஆராய்ச்சிகளை ஆசையோடு படித்து வருகிறேன்.

புற்று செல்களின் வளர்சிதை மாற்றம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. செல் சவ்வில் உள்ள கொழுப்பு சிதைந்து ஆல்டிஹைடு, ஹைட்ரோகார்பன் என எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் உண்டாகின்றன. குடல் பாக்டீரியாக்களும் மாறுவதால் அவை வெளியிடும் வாயுக்களும் மாறுகின்றன. இவை மலத்தோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து மூச்சிலும் சிறுநீரிலும் வந்துவிடும்.

2011-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், பழக்கப்பட்ட லாப்ரடார் நாய் ஒன்று மூச்சு மாதிரிகளை மோந்தே பத்துக்கு ஒன்பது தடவை புற்றுநோயைச் சரியாகக் காட்டியது. 2013-ல் இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் மூச்சில் 15 சேர்மங்களை அளந்து சுமார் 76 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள். ஆக, வாசனை இருப்பது நிஜம்.

சிக்கல் என்னவென்றால், ஓர் ஆய்வு சொல்லும் சேர்மப் பட்டியல் அடுத்த ஆய்வோடு ஒத்துப்போவதில்லை. நாம் தேடுவது நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில் இருக்கும் பொருட்களை. முந்தின நாள் சாப்பாடு, புகைப்பழக்கம், ஆன்டிபயாட்டிக், அந்த அறையின் காற்று, மாதிரியை எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள் என்பது வரை எல்லாமே கருவியில் தெரியும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஆய்வுகளில் பெரும்பாலும் நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களும் ஏறக்குறைய சம அளவில் இருப்பார்கள். வெளியே அப்படி இல்லை. 1000 பேரில் 5 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆரோக்கியமானவர்களில் ஒருவரைத் தவறாகக் காட்டும் சோதனை என்றாலும், அந்த ஐவரோடு கிட்டத்தட்ட 100 பேர் வீணாகப் பயந்து போவார்கள். செய்தித் தலைப்புகளில் இது வருவதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

ஊடுருவாத சோதனைதான் வேண்டுமென்றால், ஃபிட் எனும் மலப் பரிசோதனை இன்றே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும், மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் ஒரு தடவை செய்தால் சில புற்றுகளைத் தவறவிடும், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சிகளான பாலிப்களை இன்னும் அதிகமாகத் தவறவிடும். அதனால்தான் ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். ஃபிட்டில் நெகட்டிவ் வந்தவர்களுக்குச் சிறுநீர் வாசனையை இரண்டாவது சல்லடையாகச் சேர்ப்பதை இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்திருக்கிறது. வாசனைச் சோதனைக்கு முதலில் இடம் கிடைப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

எந்த வாசனைச் சோதனையும் பாலிப்பை வெட்டி எடுக்காது. கொலனோஸ்கோபியில் பார்த்த கையோடு பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

மலத்தில் ரத்தம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வலிக்குமோ என்ற பயம் இருந்தால் மயக்க ஊசி போட்டுச் செய்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.