ஜப்பானியர் காரில் ஏறும் முன்: கேள்வி பதில்

ஜப்பானில் வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில், பிறர் ஓட்டும் காரில் பயணியாகச் செல்வது பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகளாக இங்கே கார் ஓட்டுகிறேன். அதைவிட அதிகமாகப் பிறர் காரில் உட்கார்ந்து சென்றிருக்கிறேன்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் தம் காரில் என்னை வீட்டில் விடுவதாகச் சொன்னார். பணிவு கருதிப் பின்னிருக்கையில் ஏறினேன். அவர் முகம் சற்று மாறிவிட்டது. என்ன பிழை செய்தேன்?

அவரை டாக்சி ஓட்டுநராக்கிவிட்டீர்கள். உட்காரும் இடங்களில் உயர்ந்ததை இங்கே 'காமிசா' என்றும், தாழ்ந்ததை 'ஷிமோசா' என்றும் சொல்வார்கள். டாக்சியிலும் சம்பள ஓட்டுநர் ஓட்டும் காரிலும் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ளதே காமிசா. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை கடைசி இடம், ஏனெனில் அங்கே உட்காருகிறவர்தான் வழி சொல்லி, பணமும் கொடுக்க வேண்டும். காரின் சொந்தக்காரரே ஓட்டும்போது இந்த வரிசை மாறி, அவருக்குப் பக்கத்து இருக்கையே உயர்ந்த இடமாகிவிடும். நீங்கள் ஒருவர் மட்டுமே செல்வதானால் முன்னால்தான் உட்கார வேண்டும்.

ஓட்டுநருக்குப் பின்னாலா உயர்ந்த இடம்? இந்தியாவில் பெரிய மனிதர்கள் பின்னிருக்கையில் இடப்பக்கம்தானே உட்காருகிறார்கள்? ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள்?

நல்ல கேள்வி. ஜப்பானிய அறையில் வாசலுக்கு மிகத் தள்ளி இருக்கும் இடமே விருந்தினருக்கு உரியது. வாசலை ஒட்டிய இடம் ஏவலுக்கு எழுந்து போகிறவருக்கு உரியது. காரையும் ஓர் அறையாக எண்ணிப் பாருங்கள். நடைபாதை இடப்பக்கம் இருப்பதால் ஏறும் வாசலும் இடப்பக்கம். அதற்கு எதிர்க்கோடி ஓட்டுநரின் முதுகுப்புறம். நம் ஊர் வழக்கம் இறங்கும் வசதியைப் பார்க்கிறது, இவர்களுடையது வாசலிலிருந்து உள்ள தூரத்தைப் பார்க்கிறது.

இதை ஏற்க முடியாது. முழங்கால் வலியுள்ள எழுபது வயது வாடிக்கையாளரை இருக்கை நெடுக நகர்ந்து உள்ளே போகச் சொல்வதா மரியாதை?

இல்லை. நான் சொன்னது பொது விதி. புடவையோ கிமோனோவோ உடுத்தியவர், முதியவர், இடுப்பு வலி உள்ளவர் ஆகியோரிடம், "உள்ளே நகர்வது சிரமமாக இருக்கும், நான் முதலில் ஏறிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் உள்ளே போவதை ஜப்பானியரும் நல்ல பண்பாகவே கருதுகிறார்கள். கேட்காமல் முந்திக்கொண்டு ஏறினால்தான் தவறு.

அப்படியானால் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்தால் யார் நடுவில்?

வயதிலும் பதவியிலும் இளையவர். இருக்கை பற்றி மேலும் ஒன்பது கேள்விகள் வந்துள்ளன. எல்லாவற்றுக்கும் விடை மேலே இருக்கிறது. யார் எங்கே உட்காருவது என்று இவ்வளவு பேர் கேட்கிறீர்கள், பின்னிருக்கையில் சீட் பெல்ட் போட வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போட வேண்டும். 2008 ஜூன் முதல் எல்லா இருக்கைக்கும் அது கட்டாயம். விரைவுச்சாலையில் நீங்கள் போடாமல் பிடிபட்டால் குற்றப்புள்ளி ஏறுவது உங்கள் மீது அன்று, உங்களை அன்போடு ஏற்றிக்கொண்டவரின் உரிமத்தில்.

டாக்சிக் கதவை நான் திறக்கலாமா?

கூடாது. இடப்பக்கப் பின்கதவை ஓட்டுநரே திறப்பார்.

இறங்கிய பிறகு கதவை மூடலாமா?

அதையும் ஓட்டுநரே மூடுவார்.

டாக்சி ஓட்டுநருக்கு அன்பளிப்பு?

வழக்கமில்லை.

நான்கு வயது மகளை நண்பரின் காரில் மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போகலாமா? டாக்சியில் அப்படித்தான் போனோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்சிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, நண்பரின் காருக்கு இல்லை. ஆறு வயது நிறையாத குழந்தைக்குக் குழந்தை இருக்கை 2000 ஏப்ரல் முதல் கட்டாயம். மீறினால் இங்கேயும் புள்ளி ஓட்டுகிறவருக்கே. அந்த விலக்கும் நடைமுறைச் சிரமத்துக்காகத் தரப்பட்டதே தவிர, மடி பாதுகாப்பானது என்பதற்காக அன்று. மோதும் நேரத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. நண்பர் கூச்சத்தால் "பரவாயில்லை" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், இருக்கையை நீங்களே கொண்டுபோய்ப் பொருத்துங்கள்.

விருந்து முடிந்ததும் சக ஊழியர் காரில் விடுவதாகச் சொன்னார். ஒரே ஒரு குவளை பீர்தான் குடித்திருந்தார். மறுத்தால் மனம் புண்படாதா?

புண்படட்டும். 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகாவில் குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி, பாலத்திலிருந்து கடலில் விழுந்த வண்டியில் மூன்று குழந்தைகள் இறந்தார்கள். நாடே கொதித்தது, மறு ஆண்டே சட்டம் கடுமையாக்கப்பட்டு, ஓட்டுநர் குடித்திருப்பது தெரிந்தும் தன்னை ஏற்றிச் செல்லும்படி கேட்ட பயணியும், ஓட்டப்போகிறவர் என்று அறிந்தே மது கொடுத்தவரும் குற்றவாளிகள் ஆனார்கள். லேசான போதையானாலும் பயணிக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ மூன்று லட்சம் யென் வரை அபராதமோ கிடைக்கலாம். வெளிநாட்டவரான உங்களுக்கு விசாவைப் பற்றிய கவலையும் சேரும். மறுப்பதற்கு மரியாதையான வழி 'தைகோ' சேவையை அழைப்பது: இரண்டு ஓட்டுநர்கள் வருவார்கள், ஒருவர் அவருடைய காரை ஓட்ட, மற்றவர் தம் வண்டியில் பின்தொடர்வார். கட்டணத்தில் பாதியை நீங்கள் கொடுங்கள். மனத்தாங்கல் எதுவும் மிஞ்சாது.

வாரந்தோறும் அழைத்துச் செல்லும் நண்பருக்குப் பணம் கொடுக்கலாமா?

பெட்ரோல் செலவையும் சுங்கக் கட்டணத்தையும் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் கூலியாகக் கொடுத்தால், வெள்ளை எண் பலகையுள்ள சொந்தக் காரை வைத்து உரிமமின்றி டாக்சி ஓட்டுவதாகும். அதை 'ஷிரோதாகு' என்பார்கள். வழியில் ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் போதும்.

முன்னிருக்கையில் தூங்கலாமா?

கேட்டுவிட்டுத் தூங்கலாம். முதல் ஆண்டில் நான் கேட்காமல் இரண்டு மணி நேரம் தூங்கினேன். ஓட்டியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த பயணத்துக்கு என்னை அழைக்கவும் இல்லை. தூங்கினாலும் சாய்மானத்தை முழுக்கத் தாழ்த்தாதீர்கள். மோதினால் உடல் சீட் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிவிடும்.

காலணியைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சிலர் தம் காரை 'தோகின்' என்று வைத்திருப்பார்கள், அதாவது செருப்புக் காலோடு ஏறக்கூடாது, சொன்னால் கழற்றுங்கள்.

பழைய ஜப்பானியக் கார் வாங்கினால் எதை வாங்கலாம்?

வேறு யாரையாவது கேளுங்கள்.

இறங்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

சொல்வதற்கு முன் பின்னால் பாருங்கள். நடைபாதை ஓரமாகச் சைக்கிள்கள் ஓசையின்றி வரும். நீங்கள் திறந்த கதவில் ஒருவர் மோதினால், பயணிகள் கதவைத் திறப்பதால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத பொறுப்பு ஓட்டியவரையும் சேரும். தானியங்கி நகர்கதவு உள்ள வண்டியானால் பிடியை ஒருமுறை இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள். பிறகு நன்றி சொல்லித் தலை வணங்கி, கார் திருப்பத்தில் மறையும் வரை அங்கேயே நில்லுங்கள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் போவார்.