பழைய ஃப்ளை ஃபிஷிங் புக்ஸ்: நீங்க கேட்டது, எனக்குத் தெரிஞ்சது

ஃப்ளை ஃபிஷிங், ஃப்ளை கட்டுறது பத்தின பழைய புக்ஸ் சேக்கறதுல இருக்கிற சந்தேகம் எல்லாம் கேளுங்கன்னு சொல்லிருந்தேன், நெறைய வந்துருச்சு. முடிஞ்சத சொல்றேன். புதுசா வந்தவங்களுக்கு: ஃப்ளைன்னா மீன் ஏமாறுறதுக்காக கொக்கியில எறகு, நூல் வெச்சு கட்டுற பொய்ப் பூச்சி.

கே: அண்ணா இப்பதான் ஆரம்பிக்கிறேன், வால்டனோட ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ல இருந்து தொடங்கலாமா?

ப: எல்லாரும் மொதல்ல அங்கதான் போய் நிப்பாங்க தம்பி. 1653 ஃபர்ஸ்ட் எடிஷன் நம்ம பட்ஜெட்டுக்கு இல்ல, ஏலத்துல போட்டோ பாத்துட்டு வந்துரணும். அப்புறம் நூத்துக்கணக்குல எடிஷன் வந்துருக்கறதால 19ஆம் நூற்றாண்டு காப்பி சல்லிசாவே கெடைக்கும், பழசுன்னாலே காசுன்னு நெனைக்காதீங்க. இன்னொண்ணு, வால்டனுக்கு ஃப்ளை விஷயத்துல பெருசா அனுபவம் கெடையாது, தாமஸ் பார்க்கர்கிட்ட இருந்து எடுத்துப் போட்டதுதான் நெறைய. உருப்படியான ஃப்ளை பகுதிய சார்ல்ஸ் காட்டன் எழுதி 1676ல அஞ்சாவது எடிஷன்ல சேத்தாங்க. அந்தப் பகுதி உள்ள இருக்கான்னு பாத்து வாங்குங்க.

கே: ஆன்லைன்ல 1496னு போட்டு ஒரு மீன்பிடி புக் கம்மி வெலைக்கு கெடக்கு சார், அடிச்சுரவா?

ப: அடிக்காதீங்க 😀 வின்கின் டி வோர்ட் 1496ல அச்சடிச்ச ‘ட்ரீட்டிஸ்’ங்கற அந்த மீன்பிடி நூல் அந்த வெலைக்கு வராது. எலியட் ஸ்டாக்ங்கற பதிப்பாளர் 1880ல அத அப்படியே நகலெடுத்துப் போட்டாங்க, முக்காவாசி அதுவாத்தான் இருக்கும். நகல்னு தெரிஞ்சு வாங்குனா நல்ல புக்தான், வெலை மட்டும் நகலுக்கான வெலையா இருக்கணும்.

கே: அட்டை சூப்பரா இருந்தா போதுமா? வேற என்ன பாக்கணும்?

ப: பிளேட்ட, அதாவது தனித் தாள்ல அச்சடிச்சு உள்ள சேத்த படத்த, எண்ணுங்க. அட்டை, பைண்டிங் எல்லாம் அப்புறம். இந்த சப்ஜெக்ட்ல காசே கலர் படத்துக்குத்தான், ரொனால்ட்ஸோட 1836 பூச்சி புக்ல பூச்சிப் படமெல்லாம் கையால கலர் அடிச்சது, அதனால ஃப்ரேம் போட்டு செவுத்துல மாட்டறதுக்குன்னு ஒருத்தன் பிளேட்ட உருவி வித்துட்டு மிச்சத்த புக்னு விப்பான். நானே இதுல மாட்டிருக்கேன், கெல்சனோட ‘தி சால்மன் ஃப்ளை’ 1895 காப்பி ஒண்ணு, தங்க எழுத்து அட்டை மினுமினுன்னு இருக்கேன்னு வித்தவர்கிட்ட ஒரு கேள்விகூட கேக்காம வாங்கிட்டேன், வீட்டுக்கு வந்து எண்ணுனா 8 கலர் பிளேட்ல 7தான் இருக்கு, எட்டாவது இருந்த எடத்துல பிளேடு வெச்சு அறுத்த ஓரம் மட்டும் நிக்குது. ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. இப்ப எல்லாம் பிளேட் லிஸ்ட் பக்கத்தையும் ஒவ்வொரு பிளேட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவேன், அனுப்பலன்னா வாங்க மாட்டேன். பக்கத்துல காவி கலர் புள்ளி இருந்தா பரவால்ல, லைப்ரரி சீல் பிளேட் மேலயே குத்திருந்தா வெலை நல்லா எறங்கணும். 20ஆம் நூற்றாண்டு புக்குக்கு மேலட்ட, அதாவது டஸ்ட் ஜாக்கெட், இருக்கான்னு பாருங்க.

கே: எனக்கு கலெக்‌ஷன்லாம் வேணாம், பாத்து ஃப்ளை கட்டணும். எது வாங்கட்டும்?

ப: அப்ப ரீப்ரிண்ட் வாங்குங்க, வெக்கமே வேணாம். சால்மன் ஃப்ளைக்கு ப்ரைஸ்-டானட் 1914ல எழுதுனது கெல்சன விட தெளிவு. அமெரிக்கா பக்கம்னா மேரி ஆர்விஸ் மார்பரி, 1892. ஒரே ஃப்ளைக்கு ஊருக்கு ஒரு பேரு இருந்த கொழப்பத்துல, அங்கங்க மீன் பிடிக்கறவங்க எழுதுன லெட்டர வெச்சு அந்தம்மா உண்டாக்குன புக், எனக்கு ரொம்பப் புடிச்சது அதான். கெல்சன் சொல்ற எறகெல்லாம் தேடி அலையாதீங்க, பாதிப் பறவைய இப்ப தொட முடியாது. அதுல வர்ற ‘ஜங்கிள் காக்’ வேற ஒண்ணுமில்ல, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து எறகுதான்! இங்க அத வேட்டையாடத் தடை. இந்த எறகு வெறி முத்திப்போயி 2009ல இங்கிலாந்துல ட்ரிங் மியூசியத்துல 299 பறவைத் தோல ஒரு பையன் திருடிட்டுப் போனான்.

கே: நெஜ ஃப்ளையே உள்ள வெச்ச புக் இருக்காமே?

ப: இருக்கு, ஆல்டம் 1876ல போட்டது. ஃப்ளையும் அத கட்டற சாமானும் உள்ள குழி மாதிரி வெச்சு பதிச்சிருக்கும். வாங்குனா எறகு இருக்கான்னு பாருங்க, அந்துப்பூச்சி தின்னு வெறும் கொக்கி மட்டும் மிஞ்சுன காப்பியும் சுத்துது.

கே: சார் நான் ஊட்டி, நம்ம பக்கத்து பழைய புக் ஏதாவது?

ப: ஹெச்.எஸ். தாமஸ் எழுதுன ‘தி ராட் இன் இந்தியா’, 1873, மங்களூர்ல அச்சடிச்சது. மெட்ராஸ் சிவில் சர்வீஸ் ஆபீசர். மஹ்சீர்ங்கற பெரிய ஆத்து மீன்தான் ஹீரோ, ஃப்ளையும் வரும். அவரே 1887ல குளத்து மீன் பிடிக்கறதுக்கு தனியா ஒண்ணு எழுதுனார். பின்னாடி வந்த எடிஷன் கொஞ்சம் ஈசியா மாட்டும்.

கே: எங்க தேடறது?

ப: ‘ஃப்ளை ஃபிஷிங்’னு தேடாதீங்க, அப்படித் தேடறவங்க ஆயிரம் பேரு. எழுதுனவர் பேர போட்டுத் தேடுங்க, அதையும் தப்புத் தப்பா ஸ்பெல்லிங் மாத்திப் போட்டுப் பாருங்க, விக்கறவன் தப்பா அடிச்சிருந்தா மத்தவங்க கண்ணுல படாது. எனக்கு கெடைச்ச நல்ல காப்பி ரெண்டு அப்படித்தான் வந்துச்சு. வாங்கறதுக்கு முன்னாடி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேன் ஓசியில இருக்கான்னு பாத்து, அத வெச்சே பக்கத்தயும் பிளேட்டயும் ஒப்பிட்டுக்கலாம். மிச்ச கேள்விக்கு ஞாயித்துக்கிழம வர்றேன், இப்ப கரண்ட் போகப் போகுது.