கணினி கேள்வி–பதில்: சத்தம் கேட்கிறது, படம் தெரியவில்லை

கேள்வி: எங்கள் முன்பள்ளியின் விளையாட்டு விழாவைத் தம்பி தனது ஐபோனில் எடுத்து, பென்ட்ரைவில் போட்டுத் தந்தார். அவரது மடிக்கணினியில் அது நன்றாக ஓடியது. பெற்றோருக்குக் காட்டுவதற்காகப் பொதுநோக்கு மண்டபத்துக் கணினியில் செருகியபோது பிள்ளைகளின் சத்தம் மட்டுமே கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. பென்ட்ரைவ் பழுதாகிவிட்டதா?
– முன்பள்ளி ஆசிரியை, ஒட்டுசுட்டான்.

பதில்: சத்தம் தடங்கலின்றி வந்திருப்பதால் பென்ட்ரைவின் மேல் சந்தேகப்படத் தேவையில்லை. எம்.பி.4, எம்.ஓ.வி. என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது மூடையின் மேல் எழுதியிருக்கும் எழுத்து மாதிரித்தான். உள்ளே இருப்பது மொட்டைக்கறுப்பனா சம்பாவா என்பதை அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். 2017 இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 தொடக்கம், ஐபோன் 7 உம் அதற்குப் பிந்தியவையும் காணொளியை எச்.265 அல்லது ஹெவ்க் எனப்படும் முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் விண்டோஸ் 10 உடன் வரும் காணொளிச் செயலிக்கு இம்முறையைப் பிரிக்க ஒரு துணைச்செயலி வேண்டும், அதை மைக்ரோசொஃப்ற் தனது இணையக் கடையில் சிறு கட்டணத்துக்குத்தான் தருகிறது. ஒலி வேறு முறையில் பதிவாகியிருப்பதால் அது மட்டும் தடையின்றி வந்துவிடுகிறது.

மண்டபக் கணினியில் எதையும் நிறுவ முயல வேண்டாம். கடவுச்சொல் தெரிந்தவர் அன்றைக்குப் பார்த்து வெளியே போயிருப்பார். அதற்குப் பதிலாக, வி.எல்.சி. செயலியின் நிறுவத் தேவையற்ற பொதியை வீட்டிலேயே தரவிறக்கி விரித்து, அதே பென்ட்ரைவில் காணொளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள். பிரிக்கும் வேலையை அது தானே செய்யும். பென்ட்ரைவிலிருந்து எந்தச் செயலியையும் இயக்கவிடாமல் பூட்டி வைத்திருக்கும் கணினிகளில் மட்டும் இந்த வழி பலிக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ரெல் நிறுவனம் 2015 இல் வெளியிட்ட ஆறாம் தலைமுறைச் சில்லுகளுக்கு முந்திய கணினிகளில் எச்.265 ஐப் பிரிக்கும் பாரம் முழுவதும் பிரதான சில்லின் தலையில் விழுவதால், படம் தெரிந்தாலும் விக்கி விக்கித்தான் ஓடும். ஆகவே எனக்குப் பிடித்த வழி, முதல் நாளே ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் ‘ஃபாஸ்ற் 1080பி30’ என்ற தெரிவைக் கொடுத்து, கோப்பை 2003 முதல் புழக்கத்தில் இருக்கும் எச்.264 முறைக்கு மாற்றிவிடுவதாகும். சரியாக மாறியிருக்கிறதா என்பதை வி.எல்.சி.யில் கன்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்திப் பார்க்கலாம். அடுத்த விழாவுக்கு, ஐபோனின் கமரா அமைப்பில் ‘மோஸ்ற் கொம்பற்றிபிள்’ என்பதை முன்கூட்டியே தெரிவுசெய்யச் சொல்லுங்கள்.

மண்டபத்துக்குப் போனதும் கோப்பைக் கணினியின் முகப்புத் திரைக்குப் பிரதிசெய்து, அங்கிருந்தே ஓடவிடுங்கள். மலிவான பென்ட்ரைவ்களின் மந்தகதி படத்தைப் பாதிக்காது. புரொஜெக்ரரை எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்ததும் சத்தம் ஸ்பீக்கரை விட்டு அதற்குப் போய்விடுவதும் உண்டு. மாங்குளத்தில் ஒருமுறை நான் இதை அறியாமல், சபை முழுவதும் பார்த்திருக்க, ஸ்பீக்கர் வயரைப் பத்து நிமிடம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடிகாரத்துக்கு அருகிலுள்ள ஒலிக்குறியை அழுத்தி ஸ்பீக்கரைத் தெரிவுசெய்திருந்தால் போதுமாயிருந்தது.

கேள்வி: விடிய விடிய நடந்த கூத்தின் பதிவு ஒரே கோப்பாக 7 ஜிபி இருக்கிறது. 32 ஜிபி பென்ட்ரைவ் வெறுமையாக இருந்தும் ஏற்க மறுக்கிறது. ஏன்?
– வாசகர், முள்ளியவளை.

பதில்: உங்கள் பென்ட்ரைவ் ஃபற்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அம்முறையில் எவ்வளவு இடம் இருந்தாலும் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. மைக்ரோசொஃப்ற் 2006 இல் கொண்டுவந்த எக்ஸ்ஃபற் முறைக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றும்போது உள்ளே உள்ளவை யாவும் அழியும் என்பதால் முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிப் பெட்டியில் நேரே செருகிக் காட்டும் எண்ணமிருந்தால் எக்ஸ்ஃபற்றை நம்ப வேண்டாம். பல பெட்டிகள் அதை அடையாளம் காண்பதில்லை. கூத்துத்தானே, காட்சிக்குக் காட்சி துண்டாக்கிக் கொண்டுபோவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: கடையொன்றில் செருகி எடுத்த பின், காணொளிக் கோப்புறைகள் எல்லாம் மூலையில் அம்புக்குறியோடு தெரிகின்றன. திறந்தால் ஒன்றும் ஓடவில்லை.
– மாணவர், கிளிநொச்சி.

பதில்: அவை கோப்புறைகளே அல்ல, வைரஸ் ஒன்று உருவாக்கிய குறுக்குவழிகள். அளவைப் பாருங்கள், ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். இனி அவற்றை அழுத்தாதீர்கள். வைரஸ் தடுப்புச் செயலி இற்றைப்படுத்தப்பட்ட கணினி ஒன்றில் பென்ட்ரைவைச் சோதித்த பின், கோப்புறைத் தெரிவுகளில் மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி செய்தால், உங்கள் காணொளிகள் பெரும்பாலும் அப்படியே இருப்பதைக் காண்பீர்கள். கண்ட கண்ட கணினிகளில் செருக வேண்டியிருப்பவர்கள் பென்ட்ரைவுக்குப் பதில் பெரிய எஸ்.டி. அட்டையைப் பயன்படுத்தலாம், அதன் ஓரத்திலுள்ள நகம் அளவான தாழ்ப்பாளைக் கீழே தள்ளிவிட்டால், பொதுவாக அட்டை வாசிப்பான் அதில் எதையும் எழுத விடாது.